வெளிநாட்டில் கண் மிதவைகளுக்குச் சிகிச்சை தேடுதல்: நான் பயன்படுத்திய சேவைகள் பற்றிய மதிப்பீடு

கண்ணுக்குள் கரும்புள்ளிகளும் நூல்களும் வளையங்களும் மிதக்கின்றன என்று சொல்லிக்கொண்டு போகும் ஒருவருக்கு வெளிநாட்டில் திறந்திருக்கும் கதவுகள் குறைவல்ல. கண்ணாடிக் கடையில் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், குடும்ப மருத்துவர், பெரிய மருத்துவமனையின் அவசரக் கண் பிரிவு, தனியார் லேசர் மையம், விழித்திரை அறுவை நிபுணர், தாய்நாட்டிலிருந்து காணொளி வழியாகப் பேசும் மருத்துவர் ஆகிய அனைவரிடமும் நான் போயிருக்கிறேன். இவர்களில் யாரிடம் எதற்குப் போகலாம், யாரிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு. நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஒரே வகைச் சேவை எந்த நாட்டில் கிடைத்தாலும் அதன் பலமும் பலவீனமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவைகளைப் பொறுத்தவரை எந்தச் சிகிச்சை சிறந்தது என்ற கேள்வியில்தான் எல்லோரும் காலத்தைச் செலவிடுகிறோம். ஆனால் சொந்த ஊரை விட்டு வந்து வாழ்பவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதத்தில் கண்ணில் ஏதேனும் நேர்ந்தால், அன்று இந்தக் கண்ணைப் பார்க்கப் போகிறவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத எந்தச் சேவையையும், அது எவ்வளவு மலிவாகவும் கனிவாகவும் இருந்தாலும், என்னால் பரிந்துரைக்க முடியாது.

கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழின் அளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர். அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கொலாஜன் என்ற மெல்லிய இழைகளும் ஹயலுரானிக் அமிலமும் இருக்கின்றன. வயது ஏற ஏறக் கூழ் நீர்த்துப்போய், இழைகள் ஒன்றோடொன்று திரண்டு, விழித்திரையின்மேல் நிழல் விழச் செய்கின்றன. நாம் காண்பது அந்த நிழலைத்தான். பிறகு ஒரு கட்டத்தில் கூழ் முழுவதுமாகச் சுருங்கி கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையிலிருந்து கழன்றுவிடும்; இதுவே கூழ் விலகல். பெரும்பாலோருக்கு இது ஐம்பது வயதுக்குமேல் நடக்கிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு முன்னதாகவே நடக்கலாம். பார்வை நரம்பின் வாயில் ஒட்டியிருந்த பகுதி கழன்று வரும்போது வளையமாக மிதக்கும். அதை வைஸ் வளையம் என்பார்கள். என் வலக்கண்ணில் இருப்பது அதுவும், அதன் பின்னால் விழித்திரைக்கு நெருக்கமாக அசையும் ஒரு மங்கலான நூற்கற்றையும்தான்.

முதல் சேவையாக அவசரக் கண் பிரிவை வைக்கிறேன். புதிய மிதவைகள் திடீரென்று கொத்தாகத் தோன்றினாலும், இருட்டில் ஓரக்கண்ணில் மின்னல் வெட்டினாலும், பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போலத் தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டிய இடம் அது. திடீரென இவ்வறிகுறிகள் தோன்றிக் கூழ் விலகல் உறுதியானவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு விழித்திரையில் கிழிசல் இருந்ததாக 2009-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று தெரிவித்தது. கிழிசலைக் கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், அதைச் சுற்றி லேசர் சூடு வைத்து வெளிநோயாளியாகவே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதுவே விழித்திரை விலகலாக முற்றிவிட்டால் அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துக்காகவும் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்காகவும் காத்திருக்கிறார்கள். மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. பரிந்துரை இல்லாமல் நேரில் வருபவரையும் பார்க்கும் கண் பிரிவு எங்கே இருக்கிறது என்பதைக் கண் நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் முதலில் போனது, அருகில் இருந்தது என்பதால், ஒரு கண்ணாடிக் கடைக்கு. அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பொறுப்பானவர். கண்மணியை விரிக்காமலே விழித்திரையை அகலமாகப் படம் பிடிக்கும் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்; பச்சையும் சிவப்புமாக வந்த அந்தப் படம் பார்ப்பதற்கு முழுமையானது போலவே தோன்றியது. அவரே, "இந்தப் படத்தில் ஓரங்கள் முழுதும் வருவதில்லை, இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக் கடைச் சேவையிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான், அதை அவர் குறைவின்றிச் செய்தார். படம் சுத்தமாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அனுப்பிவைக்கும் கடையாக இருந்தால் அங்கிருந்து நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவமனையில் நடந்த பரிசோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அரைகுறையானதை அடையாளம் காண முடியும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி முழுதாக விரியும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு ஸ்லிட் லேம்ப் என்ற ஒளிக்கீற்று நுண்ணோக்கியில் முகவாயை வைக்கச் சொல்லிக் கூழின் முன்பகுதியில் பழுப்பு நிறத் துகள்கள் மிதக்கின்றனவா என்று பார்த்தார்கள்; விழித்திரை கிழிந்தால் அதன் பின்னடுக்கிலிருந்து நிறமித் துகள்கள் கசிந்து அங்கே வந்து நிற்கும் என்பதால் இது முக்கியமான அடையாளம். அடுத்து என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, நெற்றியில் விளக்குக் கட்டிய மருத்துவர் ஒரு கையில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த மழுங்கிய சிறு உலோகக் கோலால் இமையின்மேல் அழுத்தி, விழித்திரையின் விளிம்பை உள்ளே தள்ளிப் பார்த்தார். மேலே, மேல் வலம், வலம், கீழ் வலம் என்று ஒவ்வொரு திசையாகப் பார்க்கச் சொல்லி ஒரு சுற்று முடித்தார். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் கண் கூசி நீர் வழிந்துகொண்டே இருந்தது. இந்த அழுத்திப் பார்க்கும் பகுதி நடக்கவில்லையென்றால் உங்கள் விழித்திரையின் விளிம்பை யாரும் முழுமையாகப் பார்க்கவில்லை என்றே பொருள்.

கிழிசல் இல்லை என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தாமல் ஆறு வாரத்துக்குள் மீண்டும் வரச் சொன்னார்கள். காரணம் உண்டு: முதல் பரிசோதனையில் எந்தச் சிக்கலும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 3.4 பேருக்கு அடுத்த ஆறு வாரத்துக்குள் கிழிசல் தோன்றியதாக அதே 2009 தொகுப்பாய்வு சொல்கிறது. ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம் என்பதற்காகத் தவிர்க்கக் கூடிய சந்திப்பு அல்ல இது. பயணம் தவிர்க்க முடியாதது என்றால் போகும் இடத்தில் பரிசோதனையை முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். அவசரப் பிரிவில் காத்திருப்பு நீளமாக இருந்தது, வரவேற்பு மேசையில் முகம் சுளித்தார்கள், வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இல்லை. இருந்தும் நான் பயன்படுத்திய எல்லாச் சேவைகளிலும் முழு மதிப்பெண் பெறுவது இதுதான்.

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. "பழகிக்கொள்ளுங்கள், போகப் போகத் தெரியாது" என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் பதில். அது பெரும்பாலோர் விஷயத்தில் உண்மையும்கூட. வளையம் விழித்திரையை விட்டு விலகிப் போகப் போக அதன் நிழல் மங்கும், மூளையும் அதைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும் முறையில் ஒரு பெரும் குறை இருக்கிறது. மிதவை உள்ளவர்கள் எவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்று சிங்கப்பூரில் 266 வெளிநோயாளிகளிடம் கேட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிதவை நீங்குமென்றால், எஞ்சிய வாழ்நாளின் ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் சராசரியாக 1.1 ஆண்டை விட்டுக்கொடுக்கவும், நூற்றுக்கு 7 பங்கு பார்வை இழக்கும் ஆபத்தை ஏற்கவும் அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். சிறு தொந்தரவு என்று கைகழுவிவிடக் கூடியதாக இருந்தால் இப்படிப்பட்ட விடைகள் வந்திருக்காது.

பார்வை அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டால் "உங்கள் பார்வை அருமையாக இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடும் ஆலோசனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரிய எழுத்துகளைப் படிப்பது ஒன்று, மங்கலான எழுத்தை வெளிறிய திரையில் படிப்பது வேறொன்று. மிதவைகள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதை, அதாவது வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) உணரும் திறனை. அதை அளக்கும் அட்டைகளும் கருவிகளும் இருக்கின்றன. நான் இப்போது போய்வரும் விழித்திரை நிபுணர் அந்தச் சோதனையைச் செய்தார். என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறீர்கள், இரவில் வண்டி ஓட்டும்போது எதிர் விளக்கு சிதறுகிறதா என்றெல்லாம் கேட்டார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, காண்பதை வரையச் சொன்னார். பிறகு விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி கருவியின் அகச்சிவப்புப் படத்தில், கண்ணை இடமும் வலமும் அசைக்கச் செய்து, நான் வரைந்த வளையம் நிழலாக விழித்திரையின் குறுக்கே நகர்ந்து போவதைத் திரையிலேயே காட்டினார். கற்பனை செய்துகொள்கிறோமோ என்ற ஐயம் அந்த இடத்தில் ஒழிந்தது. வெளிநாட்டு மொழியில் அறிகுறிகளைச் சொல்லத் தடுமாறுபவர்களுக்கு இந்த வரைபடம் பாதி மொழிபெயர்ப்பாளரின் வேலையைச் செய்துவிடும்; வீட்டிலேயே வரைந்து, தேதி போட்டு எடுத்துப் போகலாம்.

சிகிச்சை என்று சொல்ல முடியாத சில ஏற்பாடுகள் உண்மையிலேயே உதவின. வெளிச்சம் கூடும்போது கண்மணி சுருங்கி நிழல்கள் கூர்மையாகின்றன. எனவே திரையின் ஒளியைக் குறைத்துப் பின்னணியைக் கருப்பாக்குவதும், வெளியில் குளிர்கண்ணாடி அணிவதும் பயனளிக்கும். இதே தத்துவத்தில் மிகக் குறைந்த அடர்த்தியில் அட்ரோபின் சொட்டு மருந்தைச் சில மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். கண்மணியைச் சற்றே விரித்து நிழலைக் கரைப்பதுதான் அதன் வேலை. கிட்டத்தில் படிப்பது மங்கலாகும், வெளிச்சம் கூசும். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அதை வாங்கிப் போட்டுக்கொள்வது, அதுவும் கண் அழுத்தம் ஏறும் வாய்ப்புள்ளவர்கள் போட்டுக்கொள்வது, ஆபத்தானது.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. வைட்டமின் சி, துத்தநாகம், எல்-லைசின், திராட்சை விதைச் சாறு முதலியவை சேர்ந்த ஒரு கலவையை அயர்லாந்தில் 61 பேரிடம் ஆறு மாதம் சோதித்து, தொந்தரவு ஓரளவு குறைந்ததாக 2021-இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு ஒழுங்காக நடந்த ஆய்வு என்றாலும் 61 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மிதவைகளைக் கரைப்பதாக விற்கப்படும் சொட்டு மருந்துகள், கண் பயிற்சிகள், அன்னாசி வைத்தியம் ஆகியவற்றுக்கு அந்த அளவு சான்றுகூட இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் தங்கத்தின் மீநுண் துகள்களையும் லேசரையும் கொண்டு மிதவைகளை உடைக்கும் முறையை 2019-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதைக் கடையில் கிடைக்கும் சிகிச்சை போலப் பேசும் விளம்பரங்களைக் கண்டால் விலகிவிடுங்கள்.

இனி லேசர். யாக் லேசர் என்ற கருவியின் துடிப்புகளால் மிதவையை ஆவியாக்குவதும் சிறு துண்டுகளாக உடைப்பதும்தான் இந்தச் சிகிச்சை. நான் போன தனியார் மையத்தின் வரவேற்பறை விமான நிலையத்தின் சிறப்பு ஓய்வறைக்கு ஈடாக இருந்தது. முதல் சந்திப்பிலேயே கட்டணத் தொகுப்பை நீட்டினார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் தள்ளுபடி என்றார்கள். என் இடக்கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று நான் சொன்ன பிறகும் அந்தத் தாள் மேசையைவிட்டு நகரவில்லை. ஆனால் மருத்துவர் வேறு தரத்தவர். வளையம் விழித்திரையிலிருந்தும் லென்ஸிலிருந்தும் போதிய தொலைவில் தனியாக மிதப்பதால் அதை மட்டும் உடைக்கலாம் என்றும், பின்னாலிருக்கும் நூற்கற்றை விழித்திரைக்கு அருகில் இருப்பதால் அதைத் தொடவே மாட்டேன் என்றும் தெளிவாகச் சொன்னார். இளம் வயதினருக்கு வரும் மிதவைகள் பெரும்பாலும் விழித்திரைக்கு மிக நெருக்கமாகவே இருக்கும் என்பதால் அவர்களில் பலரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். திருப்பி அனுப்பும் வழக்கமுள்ள லேசர் மையத்தை மட்டுமே நம்பலாம் என்பது என் கருத்து.

சிகிச்சை நாற்காலியில் நடந்தது இது: மரப்புச் சொட்டு விட்டு, களிம்பு தடவிய ஒரு கனமான லென்ஸைக் கண்ணின்மேல் பதித்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் காதுக்குள் 'டிக்' என்று ஓசை கேட்டது. உடைந்த இடத்தில் எழும் நுண்ணிய வாயுக் குமிழிகள் கரிய மணிகளாகத் தெரிந்தன. கண்ணுக்குள் அவை மேலே எழும்பினாலும் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே கொட்டுவதாகவே தோன்றும். ஓர் அமர்வில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் விடுகிறார்கள். முடிந்ததும் கண் அழுத்தத்தை அளந்து, சற்று நேரம் கழித்து மீண்டும் அளந்து அனுப்பினார்கள். குமிழிகள் மறுநாளைக்குள் மறைந்தன. வளையம் என்று சொல்லக் கூடிய உருவம் போய்விட்டது. அதன் இடத்தில் மெல்லிய துணுக்குகள் அவ்வப்போது மிதந்து வருகின்றன. படிக்கும் வரியின் நடுவில் வந்து நிற்கும் தொல்லை பெருமளவு குறைந்தது. நூற்கற்றை எதிர்பார்த்தபடியே மாறாமல் இருக்கிறது.

என் அனுபவம் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. 2017-இல் ஜாமா ஆப்தமாலஜி இதழில் வெளியான சோதனையில், வைஸ் வளையம் உள்ள 52 பேரில் ஒரு சாராருக்கு உண்மை லேசரும் மற்றவர்களுக்குப் போலி லேசரும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் தொந்தரவு சராசரியாக 54 விழுக்காடு குறைந்திருந்தது, போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 9 விழுக்காடுதான். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நல்ல முன்னேற்றம் என்றார்கள். இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது: அது வைஸ் வளையம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்த சிறு சோதனை, அதிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. குறி தவறினால் லென்ஸில் அடிபட்டுப் புரை உண்டாவதும், விழித்திரையில் காயம் ஏற்படுவதும், கண் அழுத்தம் நீடித்து ஏறிவிடுவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கண்புரை அறுவைக்குப் பின் மங்கிப்போகும் லென்ஸ் உறையைத் திறக்க உதவும் சாதாரண யாக் கருவியால் கூழின் ஆழத்தில் இருப்பதைச் சரியாகக் காண முடியாது. ஒளியும் லேசரும் ஒரே அச்சில் வரும் கருவி இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். சில காப்பீடுகள் இதை நிரூபணமாகாத சிகிச்சை என்று வகைப்படுத்தி ஏற்க மறுக்கின்றன. எனவே ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே நாள் குறியுங்கள். மருத்துவருக்கு நல்ல மதிப்பெண், மையத்தின் விற்பனை மேசைக்கு அதில் பாதிகூட இல்லை.

விட்ரெக்டமி என்ற அறுவை முறையை 1970-களின் தொடக்கத்தில் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் உருவாக்கினார். இன்று அரை மில்லிமீட்டர் பருமனுள்ள கருவிகளை மூன்று துளைகள் வழியாகச் செலுத்தி, கூழை வெட்டி உறிஞ்சிவிட்டு உப்புநீரை நிரப்புகிறார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படுவதில்லை. மிதவைகளை நீக்குவதில் இதற்கு இணையான வழி வேறில்லை. நான் ஆலோசித்த அறுவை நிபுணர் இதை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் விலையையும் சொன்னார். சொந்த லென்ஸ் இன்னும் கண்ணில் இருக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் கண்புரை வருவது ஏறத்தாழ உறுதி. விழித்திரை விலகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று தம் கணிப்பைத் தந்தார். உள்ளே கிருமி தொற்றுவது ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு நேரும் அரிய விளைவு, ஆனால் நேர்ந்தால் பார்வையே போகலாம். ஏற்கெனவே கண்புரை அறுவை செய்து, கூழும் தானாகவே கழன்றுவிட்டவர்களுக்குத்தான் இந்தத் தராசு பெரிதும் சாதகமாகச் சாய்கிறது. கூழ் இன்னும் ஒட்டியிருக்கும் இளைஞருக்கு அதை வலிந்து பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால் கிழிசலின் ஆபத்து கூடுகிறது. இவற்றையெல்லாம் பத்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லாமல், மாதிரிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார், முடிவெடுக்க அவகாசமும் கொடுத்தார்.

தாய்நாட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு திரும்பிவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செலவு குறையலாம், உறவினர் துணை உண்டு, மருத்துவரிடம் தாய்மொழியில் பேசலாம், காத்திருப்பும் குறைவாக இருக்கலாம். ஆனால் விட்ரெக்டமி ஒரு நாளில் முடியும் காரியமல்ல. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற வரிசையில் பரிசோதனைகள் தொடரும். சொட்டு மருந்து பல வாரங்கள் போட வேண்டும். விழித்திரை விலகல் மாதங்கள் கழித்தும் வரலாம். இரண்டு வார விடுப்பில் போய் அறுவை செய்துகொண்டு திரும்புபவர், சிக்கல் வரக்கூடிய காலத்தின் பெரும்பகுதியைத் தம் கண்ணை முன்பின் பார்த்திராத மருத்துவர்களிடையே கழிக்கிறார். வேறோர் இடத்தில் செய்த அறுவையின் பின்கவனிப்பை ஏற்க மருத்துவமனைகள் தயங்குவதும் உண்டு. ஊரில்தான் செய்வது என்று முடிவெடுத்தால் ஒரு மாதத்துக்குக் குறையாத விடுப்போடு போவதும், புறப்படுமுன் இங்குள்ள நிபுணர் ஒருவரிடம் பின்கவனிப்புக்கு ஒப்புதல் வாங்குவதும் கட்டாயம்.

விமானப் பயணத்தைப் பற்றி யாரும் தாமாகச் சொல்வதில்லை. மிதவைக்கான அறுவையில் வழக்கமாக உப்புநீர்தான் நிரப்புவார்கள். ஆனால் அறுவையின்போது கிழிசல் கண்டுபிடிக்கப்பட்டால் வாயுவை நிரப்ப நேரலாம். எஸ்எஃப்6 என்ற வாயு ஏறத்தாழ இரண்டு வாரம் கண்ணில் இருக்கும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் வரை இருக்கும். விமானம் உயரே போகும்போது அறையின் காற்றழுத்தம் குறைய, கண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து, இரத்த ஓட்டத்தையே நிறுத்திப் பார்வையைப் பறித்துவிடக் கூடும். வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விமானம் ஏறக் கூடாது. திரும்பும் சீட்டு, விசாவின் முடிவு நாள், அலுவலக விடுப்பு மூன்றும் இந்த ஒரு சாத்தியத்துக்கு இடம் கொடுக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

காணொளி ஆலோசனை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் நன்றாகப் பயன்பட்டது. கிழிசல் இருக்கிறதா என்பதைக் காணொளியில் யாராலும் சொல்ல முடியாது. அதற்காக அதை நாடுவது வீண். கையில் பரிசோதனை முடிவுகள் இருக்கும்போது, லேசரா அறுவையா பொறுத்திருப்பதா என்று இரண்டாம் கருத்துக் கேட்க அது சிறந்த வழி. தாய்மொழியில் நிதானமாகப் பேச முடிந்ததால், இங்கே கேட்க விட்டுப்போன பல கேள்விகளை அங்கே கேட்டேன். அதற்கு ஆவணங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்: ஓசிடி படங்கள், விழித்திரைப் புகைப்படங்கள், பி-ஸ்கேன் (கண்ணின் அல்ட்ராசவுண்ட்) அறிக்கை, கண்ணாடி எண், ஒவ்வொரு முறையும் அளந்த கண் அழுத்தம், லேசரில் செலுத்திய ஆற்றலும் துடிப்புகளின் எண்ணிக்கையும். தாளில் அச்சிட்டுத் தரும் சாம்பல் நிறப் படங்கள் பயன்படுவதில்லை. மூலக் கோப்புகளாகவே கேட்டு வாங்குங்கள். லேசர் மையம் இந்தக் கோப்புகளைத் தருவதற்கு இழுத்தடித்தது. மருத்துவமனை அன்றைக்கே கொடுத்தது.

மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆனால் முன்பதிவின்போதே கேட்டால்தான் கிடைக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் சந்திப்புக்காவது அவரை வரவழையுங்கள்; பிள்ளைகளையோ நண்பர்களையோ அந்த வேலைக்கு வைத்துக்கொண்டால் ஆபத்துகளைப் பற்றிய பகுதியை அவர்கள் மென்மையாக்கிச் சொல்லிவிடுவார்கள்.

இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் லென்ஸ் இன்னும் தெளிவாக இருக்கிறது, எஞ்சியிருக்கும் நூற்கற்றையோடு வேலை செய்ய முடிகிறது. புரை முற்றி லென்ஸை மாற்றும் நிலை வந்தால் கணக்கு மாறும். அன்றைக்கு இதே நிபுணரிடம் விட்ரெக்டமியைப் பற்றி மீண்டும் பேசுவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரை ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அவரிடமே போகிறேன். அங்கும் ஒரு குறை உண்டு: சந்திப்பு நாளை மாற்றத் தொலைபேசியில் கூப்பிட்டால் எளிதில் எடுக்க மாட்டார்கள், இணையதளத்தில் மாற்றினால் பதிவாவதில்லை, நேரில் போய்த்தான் மாற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.